பெரியவர்களுக்குக் கற்பிப்போருக்கான முதுநிலைப் படிப்பு: குமரி மாவட்டத்தில் வேலையில் இருந்துகொண்டே தொடங்கி முடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நாகர்கோவிலில் மருத்துவமனை வார்டில் நின்றபடி செவிலியர் மாணவியருக்குப் பாடம் எடுப்பவர், மார்த்தாண்டத்தில் தேனீப் பெட்டியைத் திறந்து காட்டிப் பயிற்சி தருபவர், குளச்சலில் விசைப்படகுக்காரர்களுக்கு ஜிபிஎஸ் கருவியைப் பழக்குபவர், குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு சொல்லிக்கொடுப்பவர், மகளிர் குழுக்களுக்குக் கணக்கேடு எழுதக் கற்பிப்பவர் ஆகிய அனைவரும் செய்கிற வேலை ஒன்றே. ஆனால் இவர்களில் யாரைக் கேட்டாலும் தம்மை நர்ஸ் என்றோ தேனீ வளர்ப்பவர் என்றோ சொல்வாரே தவிர, பெரியவர்களுக்குக் கற்பிப்பவர் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். தொழில் தெரிந்தவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்று நாம் காலங்காலமாக நம்பிவருகிறோம். அது பாதிதான் உண்மை. மற்றப் பாதிக்காகத்தான் முதுநிலைப் படிப்பு. அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, இந்த மாவட்டத்தின் மழைக்கும் கடலுக்கும் திருவிழாவுக்கும் நடுவே எப்படிப் படித்து முடிப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். உங்கள் வகுப்பைப் படிப்புக்குள் கொண்டுபோகாவிட்டால் பட்டம் சுவரில் தொங்குவதோடு சரி என்பதே தொடக்கம் முதல் கடைசிவரை என் கட்சி.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அரசு ஆவணங்கள் இத்துறையை நெடுங்காலமாக 'முதியோர் கல்வி' என்று அழைத்துவந்ததால், நான் முதுகலையில் சேர்ந்தபோது என் சித்தப்பா, "பாட்டிமாருக்கு அனா ஆவன்னா எழுதிக்காட்ட ஒரு டிகிரியா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. 1978 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டமும், 1988இன் தேசிய எழுத்தறிவு இயக்கமும், 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் நடந்த அறிவொளி இயக்கமும் எழுத்தறிவையே முதன்மையாகக் கொண்டவை. 2011 கணக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேலான எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முன்னின்ற குமரி மாவட்டத்தில் அந்த வேலை சுருங்கி, தொழில்திறன், உடல்நலம், பணம், பாதுகாப்பு பற்றிய கற்பித்தல் பெருகியிருக்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை தன் 21ஆம் இயலில் வயதுவந்தோர் கல்வியையும் வாழ்நாள் கற்றலையும் சேர்த்தே பேசுகிறது. இனி 'வயதுவந்தோர் கல்வி' என்றே எழுதுகிறேன்.

முதற்படி: விண்ணப்பத்துக்கு முன் ஒரு மாத வகுப்பேடு

எந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தையும் திறப்பதற்கு முன், கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்குங்கள். ஒரு மாதம், ஒவ்வொரு வகுப்பும் முடிந்த பத்து நிமிடத்துக்குள், யார் என்ன கேட்டார் என்பதை அவர் பேசிய சொல்லிலேயே எழுதுங்கள். எந்த இடத்தில் முகங்கள் மாறின, எந்த இடத்தில் செல்போன்கள் வெளியே வந்தன என்பதையும் எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால், நடந்ததை எழுத மாட்டோம். நடந்திருக்க வேண்டியதைத்தான் எழுதுவோம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பயிற்சியாளனாகிய புதிதில், திருவட்டாறு பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் மரத்தின் குறுக்குவெட்டைக் கரும்பலகையில் வரைந்து, பட்டை, பால்குழாய், பட்டைக்கும் மரக்கட்டைக்கும் நடுவே வளரும் மெல்லிய அடுக்கான கேம்பியம் என்று முக்கால் மணி நேரம் விளக்கினேன். முப்பது வருடம் வெட்டுக்கத்தி பிடித்த ஒருவர், கடைசி வரிசையில் இருந்தபடி, "சாரே, நீங்க சொன்னது ஒக்க சரிதான். எங்களுக்கு எது தெரியாதுன்னு மட்டும் நீங்க கேக்கல்லியே" என்றார். "தப்புதான் மாமா, இப்ப சொல்லுங்க" என்றேன். அவர் வெட்டும் மரங்களில் சில, பட்டை உலர்ந்து பால் நின்றுபோயிருந்தன. ஏன் என்பதே அவர் கேள்வி. நாள் தவறாமல் வெட்டினால் மரம் அப்படி ஓய்ந்துபோகும் வாய்ப்பு கூடும் என்றும், ஒன்றுவிட்ட நாளிலோ மூன்று நாளுக்கு ஒருமுறையோ வெட்டுவதே நல்லது என்றும் சொன்னேன். "அப்ப வெட்டாத நாளுக்குக் கூலி?" என்று அடுத்த கேள்வி வந்தது. என் பாடத்திட்டத்தில் கூலி என்ற சொல்லே இல்லை. இப்படிப்பட்ட கேள்விகள் நாலைந்து உங்கள் ஏட்டில் சேர்ந்த பிறகு, எந்தப் படிப்பு வேண்டும் என்பது உங்களுக்கே ஓரளவு தெளிந்துவிடும்.

இரண்டாம் படி: பாதையைத் தேர்ந்தெடுத்தல்

உங்கள் ஏட்டில் உள்ள சிக்கல்கள், யார் கற்கிறார், ஏன் வருகிறார், ஏன் பாதியில் நின்றுவிடுகிறார் என்ற வகையைச் சேர்ந்தவை என்றால், வயதுவந்தோர் கல்வியில் முதுகலை பொருந்தும். இக்னோ என்று நாம் அழைக்கும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதைத் தொலைநிலையில் நடத்திவருகிறது; ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டம் போதும், குறைந்தது இரண்டாண்டு, ஜனவரியிலும் ஜூலையிலும் சேர்க்கை. நேரில் படிக்க முடிந்தவர்கள், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்திலும் உள்ள வாழ்நாள் கற்றல் துறைகளில் அந்தந்த ஆண்டு என்னென்ன படிப்புகள் நடக்கின்றன என்று விசாரிக்கலாம். கல்லூரிப் பணியை நோக்குபவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: யுஜிசி நெட் தேர்வில் வயதுவந்தோர் கல்விக்கென்று தனிப் பாடமே உண்டு.

பாடத்தைச் சொல்லும் முறைதான் உங்கள் சிக்கல் என்றால் உங்கள் தொழிலுக்குள்ளேயே இருக்கும் பாதை மேல். செவிலியர்க்கு எம்.எஸ்சி. நர்சிங்கின் முதலாண்டில் செவிலியர் கல்வி என்றே ஒரு பாடம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்குத் தேசிய மருத்துவ ஆணையத்தின் மருத்துவக் கல்விப் பயிற்சிகள் உள்ளன, கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் 2007 முதல் இயங்கும், மருத்துவ ஆசிரியர்களுக்குக் கற்பித்தல் பயிற்சி தரும் ஃபைமர் மையம் வேலையில் இருப்பவர்களுக்கானது. பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்காகவே 1964இல் தொடங்கப்பட்டது சென்னை தரமணியில் உள்ள தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம். தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநர்களுக்குக் கைவினைப் பயிற்றுநர் பயிற்சி என்ற ஓராண்டுப் படிப்பு உண்டு. அது முதுநிலை அன்று, ஆனால் அந்த வேலைக்கு முதுகலையைவிட அதுதான் கேட்கப்படும். எம்.எட். பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதற்கு முதலில் பி.எட். வேண்டும், பாடத்திட்டமும் பள்ளிக் குழந்தைகளை மனத்தில் வைத்தது. ஐம்பது வயது மீனவருக்குப் பாடம் எடுப்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாம் படி: காகித வேலை

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். தொலைநிலை அல்லது இணையவழிப் படிப்பு என்றால், பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகம் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும், அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கும், நீங்கள் சேரும் ஆண்டுக்கும் அனுமதி அளித்திருக்கிறதா என்று பாருங்கள், மூன்றும் தேவை. இத்தகைய படிப்பில் சேர இப்போது அந்தப் பணியகத்தின் டெப் ஐடி என்ற எண்ணும் வேண்டும். நர்சிங் பட்டத்தைத் தொலைநிலையில் தருவதாக யாராவது சொன்னால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். 2022 முதல் ஒரே காலத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க மானியக் குழு இடம் தருகிறது. ஆனாலும் வேலையும் குடும்பமும் உள்ளவருக்கு ஒன்றே அதிகம். அரசு அல்லது உதவிபெறும் நிறுவனத்தில் இருப்பவர் சேர்வதற்கு முன்பே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் வாய்மொழியாகத் தலையாட்டியதை நம்பிச் சேர்ந்தேன். தேர்வு விடுப்புக்கு நின்றபோது அந்தத் தலை வேறு பக்கம் ஆடியது.

நான்காம் படி: நாட்காட்டி போடுதல்

இந்த மாவட்டத்தில் படிப்பைப் பாதியில் விட்டவர்களை நான் கேட்டவரை, பாடம் கடினம் என்று விட்டவர்கள் குறைவு. நாட்காட்டி போடாமல் விட்டவர்களே அதிகம். இக்னோவில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. நான்கு கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி நேரம், அதாவது நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் நான்கு மாதம். தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வருகின்றன. இதை நம் ஊர்க் காலத்தோடு பொருத்திப் பாருங்கள்.

மீனவர்களுக்குக் கற்பிப்பவருக்கு வகுப்புக்கு வாய்ப்பான காலம் மீன்பிடித் தடைக்காலம்தான், விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாட்கள். ஆனால் ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலங்கள் உள்ள இடம் இது: சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் நடுவரையிலும், முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும். குளச்சல் பக்கம் பாடம் எடுப்பவர் ஜூன் தேர்வில் கனமான பாடங்களை வைத்துக்கொண்டால் வகுப்பும் தேர்வும் இரண்டும் கெடும். அவற்றை டிசம்பருக்குத் தள்ளுங்கள். சின்னமுட்டத்தில் எடுப்பவருக்குத் தடை முடியும் தறுவாயில் தேர்வு வருவதால், அசைன்மென்ட்டை மார்ச்சிலேயே எழுதி முடித்துவிட்டால் சமாளிக்கலாம்.

ரப்பர் வேறு கணக்கு. ஜனவரி, பிப்ரவரியில் இலை உதிர்ந்து புதுத் துளிர் வரும்போது பால்வெட்டு ஓயும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இங்கு உண்டு என்பதால் மழைக்காப்பு கட்டாத தோட்டங்களில் நடுநடுவேயும் வேலை நிற்கும். தொழிலாளர் கையில் நேரம் இருக்கும் அந்தத் துளிர்க்காலத்தை வகுப்புக்குக் குறித்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் அதே துளிர் இலைக்காம்புகளில் தேன் சுரக்கும் காலம் அது. தேனீ வளர்ப்பவருக்கு அப்போதுதான் அறுவடை, வகுப்புக்குக் கூப்பிட்டால் வர மாட்டார். ஞாயிறு காலையில் மாவட்டத்தில் பலர் தேவாலயத்தில் இருப்பார்கள். கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா டிசம்பர் 3 வரை போகும், பின்னாலேயே கிறிஸ்துமஸ் வரும். டிசம்பர் தேர்வுக்குக் கடைசி இரண்டு வாரத்தில் படிக்கலாம் என்று எண்ணுபவர்களுக்கு அந்த இரண்டு வாரம் கிடைப்பதேயில்லை.

ஐந்தாம் படி: கோட்பாட்டை வகுப்பேட்டோடு சேர்த்துப் படித்தல்

பெரும்பாலான முதுநிலைப் பாடநூல்கள் ஆங்கிலத்திலேயே உள்ளன. ஒவ்வோர் அலகையும் படித்து முடித்ததும், அதன் மையக் கருத்தைத் தமிழில் ஐந்து வரியில் எழுதி, ஐந்தாவது வரியின் கீழ் உங்கள் வகுப்பேட்டில் இருந்து ஒரு நிகழ்ச்சியை ஒட்டுங்கள். ஒட்ட நிகழ்ச்சி கிடைக்காவிட்டால் கருத்து இன்னும் பிடிபடவில்லை, அல்லது அது நம் வகுப்புக்குப் பொருந்தாதது. இரண்டில் எது என்று யோசிப்பதே முதுநிலைப் படிப்பு.

முதலில் வருபவர் அமெரிக்கரான மால்கம் நோல்ஸ். பெரியவர்களுக்குக் கற்பிக்கும் கலையைக் குறிக்கும் ஆண்ட்ரகாஜி என்ற சொல்லை 1833இலேயே ஜெர்மானியரான அலெக்சாண்டர் காப் பயன்படுத்தியிருந்தாலும், அதைப் பரப்பியவர் நோல்ஸ்தான். பெரியவர் ஏன் கற்க வேண்டும் என்று தெரிந்தால்தான் கற்பார், தன்னைத் தானே நடத்திக்கொள்பவராக மதிக்கப்பட விரும்புவார், அனுபவத்தோடு வருவார், வாழ்க்கையில் தேவை வந்த நேரத்தில் ஆயத்தமாவார், பாடத்தைவிடச் சிக்கலை நோக்கியே நிற்பார், வெளித் தூண்டுதலைவிட உள்தூண்டுதலால் நகர்வார் என்பன அவருடைய ஆறு எடுகோள்கள். 1970இல் குழந்தைக்குக் கற்பித்தலையும் பெரியவருக்குக் கற்பித்தலையும் எதிரெதிராக வைத்த அவரே, 1980இல் இரண்டையும் ஒரே கோட்டின் இரு முனைகளாக மாற்றிக்கொண்டார். தேர்வில் இந்த மாற்றத்தை எழுதாமல் ஆறு எடுகோள்களை மட்டும் ஒப்பிப்பவர்களே அதிகம்.

இந்த ஆறில் மூன்றாவதை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். அனுபவம் முதலீடு என்பது சரி, ஆனால் அது தடையும் ஆகும். முப்பது வருடம் ஆழமாக வெட்டிப் பழகிய கை, மேலோட்டமாக வெட்டச் சொன்னால் கேட்பதில்லை. புதிதாக வந்த இருபது வயதுப் பையன் மூன்று நாளில் பிடித்துக்கொள்வான். பழகியதை விடவைப்பதற்குக் கற்பிப்பதைவிட இரட்டிப்பு நேரம் ஒதுக்க வேண்டும்.

ஜாக் மெசிரோ 1978இல், பல ஆண்டுகளுக்குப் பிறகு கல்லூரிக்குத் திரும்பிய அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்து, நம்பி வந்த ஒன்று உடையும் நெருக்கடியே பெரியவர்களின் பார்வையை மாற்றுகிறது என்றார். இதற்கு நம் கரையில் விளக்கம் தேவையில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த பலருக்கு எச்சரிக்கை உரிய நேரத்தில் எட்டவில்லை. அதற்கு முன் தகவல் தொடர்புக் கருவி வகுப்பில், "கடல் எங்களுக்குச் சொல்லும்" என்று சிரித்தவர்கள், அதற்குப் பின் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும், எத்தனை கடல்மைல் எட்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். ஆனால் துயரத்தைப் பாடப்பொருளாக்கி வகுப்பைத் தொடங்காதீர்கள். அந்த அறையில் அண்ணனை இழந்தவர் இருக்கலாம். அவர்களாகப் பேசினால் பேசட்டும்.

பிரேசில்காரரான பாவ்லோ ஃப்ரெய்ரே 1963இல் ஆஞ்சிகோஸ் என்ற ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு தரும் முயற்சியை நடத்தினார். கற்பவர் வாழ்க்கையில் கனமுள்ள சொற்களே தொடக்கம் என்பது அவர் முறை. இங்கே எழுத்தறிவு வகுப்பு இல்லாவிட்டாலும் முறை உதவும். ரப்பர் வகுப்பை 'உற்பத்தித்திறன்' என்று தொடங்குவதைவிட, மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணமான 'சிரட்டை'யை எழுதிவிட்டு, "இன்றைக்கு உங்கள் சிரட்டை நிறைந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள்.

டேவிட் கோல்ப் 1984இல் முன்வைத்த அனுபவச் சுழற்சி, தேனீ வகுப்பில் பார்த்தால் ஒரே நாளில் புரியும். மார்த்தாண்டம் பெட்டியைத் திறந்து பார்ப்பது அனுபவம். அடையின் ஓரத்தில் தொங்கும் நீண்ட அறைகளைப் பற்றி, என்ன பார்த்தீர்கள் என்று கேட்பது சிந்தனை. அவை ராணி அறைகள், கூட்டம் பிரிந்து பறக்கப்போகிறது என்று விளக்குவது கருத்தாக்கம். அடுத்த வாரம் தத்தம் பெட்டியில் அவர்களே தேடி முடிவெடுப்பது சோதனை. நம்மில் பலர் மூன்றாவதில் தொடங்கி மூன்றாவதிலேயே முடித்துவிடுகிறோம்.

ஆறாம் படி: ஒரு பாடத்தையாவது முழுதாகத் திருத்தி எழுதுதல்

படிப்பின் முதலாண்டுக்குள், நீங்கள் வழக்கமாக எடுக்கும் ஒரே ஒரு பாடத்தைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டுங்கள். நான் எடுத்துக்கொண்டது பால்வெட்டு. பழைய குறிப்பில் நோக்கம் என்ற இடத்தில், 'பயிற்சி பெறுவோர் பால்வெட்டு முறையை அறிந்துகொள்வர்' என்று இருந்தது. அறிந்தாரா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்வது? புதிதாக எழுதியது இது: 'ஐந்து வெட்டில் நான்கையாவது, கேம்பியத்தைத் தொடாமல், பட்டையில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் மிச்சம் விட்டு, இடப்பக்கம் உயர்ந்தும் வலப்பக்கம் தாழ்ந்தும் 30 பாகைச் சரிவில் வெட்டுவர்.' பார்க்க முடிகிறது, அளக்க முடிகிறது, வாதாடவும் முடிகிறது. "பட்டையெ தொட்டா கைக்குத் தெரியும், இதுக்கு அளவுகோல் வேணுமா சாரே?" என்று ஒருவர் வாதாடினார், அவர் கை சொன்னதையும் அளவுகோல் சொன்னதையும் பத்து வெட்டில் ஒப்பிட்டதே அன்றைய பாடமானது.

வரிசையையும் மாற்றினேன். முதலில் விழுந்து கிடக்கும் தடியில் ஆளுக்கு மூன்று வெட்டு, பிறகு மரம், கடைசியில்தான் கரும்பலகை. ஏன் இடமிருந்து வலமாகச் சரிக்கிறோம் என்ற கேள்வி அப்போது தானாக வரும். பால்குழாய்கள் மரத்தைச் சற்றுச் சாய்வாகச் சுற்றி வலப்பக்கம் ஏறுவதால், இந்தச் சரிவில் வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும் என்ற விடைக்கு அப்போது இடம் இருக்கும். ஏன் விடியற்காலையில் வெட்டுகிறோம் என்பது எல்லோருக்கும் பழக்கம், காரணம் சிலருக்கே தெரியும்: வெயில் ஏறி மரம் நீரை இழக்கும் முன் குழாய்களுக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும். தெரிந்த பழக்கத்துக்குத் தெரியாத காரணத்தைக் கொடுக்கும்போது பெரியவர்களின் முகத்தில் வரும் மலர்ச்சியைப் புதுச் செய்தி எதுவும் கொண்டுவருவதில்லை. கையில் கொடுக்கும் தாளில் எழுத்து 14 புள்ளிக்குக் குறையக் கூடாது. நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடி கொண்டுவராததைச் சொல்ல மாட்டார்கள், படித்தது போல மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள்.

ஏழாம் படி: அசைன்மென்ட்டும் ஆய்வேடும்

இக்னோவில் அசைன்மென்ட்டுக்கு 30 விழுக்காடு, இறுதித் தேர்வுக்கு 70 விழுக்காடு. அசைன்மென்ட்டைக் கடையில் வாங்கி நகலெடுப்பவர்கள் உண்டு. பிடிபடும் ஆபத்து ஒருபுறம் இருக்க, ஆய்வேட்டுக்கு முன் எழுதிப் பழகக் கிடைக்கும் ஒரே வாய்ப்பையும் அவர்கள் காசு கொடுத்துத் தொலைக்கிறார்கள்.

ஆய்வேட்டுத் தலைப்பு சிறியதாக இருக்கட்டும். 'கன்னியாகுமரி மாவட்டத்தில் வயதுவந்தோர் கல்வி: ஓர் ஆய்வு' என்பது தலைப்பு ஆகாது. ஒரு செவிலியர் ஆசிரியர் இப்படிக் கேட்கலாம்: மருந்தளவுக் கணக்கைச் சூத்திரத்தில் இருந்து தொடங்குவதற்குப் பதிலாக, தவறாகப் போட்ட கணக்கில் இருந்து தொடங்கினால் பிழைகள் குறைகின்றனவா? 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 250 மில்லிகிராம் தர வேண்டும் என்றால் 10 மில்லிலிட்டர், இதற்கு 2.5 என்று எழுதிய விடைத்தாளை வைத்துக்கொண்டு, எழுதியவர் என்ன நினைத்திருப்பார் என்று வகுப்பையே கண்டுபிடிக்கச் சொல்வது. சொந்த வகுப்பில் ஒன்றை மாற்றி, விளைவைக் கவனித்து, மறுபடி மாற்றும் இந்த முறைக்குச் செயலாய்வு என்று பெயர். 1940களில் கர்ட் லெவின் வகுத்தது. இருபது பேர் போதும், ஆனால் அந்த இருபது பேரையும் முழுதாகக் கவனிக்க வேண்டும்.

ஒப்புதலில் கவனம் வேண்டும். நீங்கள் மதிப்பெண் போடுபவராகவோ சான்றிதழ் தருபவராகவோ இருந்தால், "சம்மதமா?" என்று நீங்கள் கேட்டால் யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார், வேறொருவரைக் கேட்க வையுங்கள், படிவத்தைத் தமிழில் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஊர்ப் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. 'கடற்கரைக் கிராமம் ஒன்றில் மூன்று விசைப்படகு வைத்திருக்கும், பங்குப் பேரவையில் உள்ள 52 வயதுக்காரர்' என்று எழுதினால் அரை நாளில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வயதை ஐந்தாண்டு வரம்பாக்கி, அடையாளம் காட்டும் பதவியை நீக்குங்கள். கவனிப்புப் பட்டியலை நீங்கள் ஒருவரே நிரப்பாமல், உடன்பணியாற்றும் ஒருவரையும் அதே வகுப்பில் தனியாக நிரப்பச் சொல்லி, எத்தனை இடத்தில் ஒத்துப்போகிறது என்று எண்ணுங்கள். வாய்மொழித் தேர்வில் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி இதுதான்.

எட்டாம் படி: மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தல்

டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் பயிற்சி மதிப்பீட்டுக்கு நான்கு நிலைகளை வகுத்தார்: பிடித்ததா, கற்றாரா, வேலையில் செய்கிறாரா, அதனால் பயன் விளைந்ததா. நம் பின்னூட்டப் படிவங்கள் முதல் நிலையிலேயே, அதுவும் மதியச் சாப்பாட்டைப் பற்றிய பாராட்டிலேயே முடிந்துவிடுகின்றன. மூன்றாம் நிலைக்கு வேலை நடக்கும் இடத்துக்குப் போக வேண்டும். பால்வெட்டில் இது எளிது. காயங்கள் பட்டையிலேயே பதிந்திருக்கும். பயிற்சி நாளன்று ஒவ்வொருவரும் வெட்டும் மரங்களில் பத்தைத் தேர்ந்து, அன்றைய வெட்டின் மட்டத்தில் சிறிய பெயின்ட் கோடு ஒன்றைப் போட்டுவிட்டு வாருங்கள். வெட்டு நாளுக்கு நாள் கீழ்நோக்கி நகர்வதால், மூன்று மாதம் கழித்துப் போகும்போது கோட்டுக்கு மேலே உள்ளவை பழைய காயங்கள், கீழே உள்ளவை பயிற்சிக்குப் பின் வந்தவை. இரண்டையும் எண்ணி அதே வகுப்பேட்டில் எழுதுங்கள். கோட்டுக்குக் கீழும் காயம் குறையாதவரிடம் காரணம் கேட்டு, அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே பக்கத்தில் எழுதுங்கள். கத்தி தீட்டக் கல் இல்லை என்றோ, ஒரே காலையில் வெட்ட வேண்டிய மரங்கள் கூடிவிட்டன என்றோ அவர் சொன்னால், அது உங்கள் பாடத்தின் குறை அன்று என்பதையும் ஆய்வேட்டில் தனிப் பத்தியாக எழுத வேண்டும்.